படகு இடமும் ஒரு சோடி சொக்ஸும்

இரவீந்திரன் தன்னுடைய ஐம்பத்தெட்டாவது வயதில், யாரையும் கேட்காமல், தானாக ஒரு முடிவெடுத்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் தனக்கு இடுப்புப் பிடிக்கும். சனி முழுக்க எழும்ப முடியாமல் கிடக்கும். ஞாயிறு காலை சுகம் வந்துவிடும். இந்த முடிவை எடுத்தது செவ்வாய்க்கிழமை, பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு சிவப்பு லைட்டில்.

காரணம் இதுதான். அந்தச் சனிக்கிழமை அவருக்கு இரண்டு இடத்தில் வேலை. ஒன்று, மனைவி ராசமலரின் அக்கா புஷ்பராணியின் பேத்தி வர்சா பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. பத்து மணிக்கு மண்டபம். மற்றது, ஏரிக்கரையில் டுக்னாட். அதுவும் பத்து மணிக்கு.

டுக்னாட் என்றால், நோர்வேக்காரர் எல்லாரும் கூடி, சம்பளம் இல்லாமல் முறிந்து முறிந்து வேலை செய்துவிட்டு, கடைசியில் ஒரு சொசேஜ் தின்றுவிட்டுச் சந்தோசமாக வீட்டுக்குப் போவது. ஒஸ்லோவிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி இருக்கும் அந்த ஏரியில் ஒரு படகுச் சங்கம் இருந்தது. மிதவைத் துறையில் முப்பத்திரண்டு படகு கட்டலாம். இரவீந்திரன் ஒன்பது வருசம் காத்திருப்புப் பட்டியலில் நின்று இடம் பிடித்தவர். பிடித்துப் பதினொரு வருசம். ஒவ்வொரு ஒக்ரோபரும், ஏரி உறைய முன்னம், எல்லாரும் சேர்ந்து படகுகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து, துறையையும் குளிர்காலத்துக்குத் தயார்படுத்த வேண்டும். இரண்டு முறை தொடர்ந்து வராவிட்டால் இடம் பட்டியலில் நிற்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். போன ஒக்ரோபர் அவர் போகவில்லை. புஷ்பராணி அக்கா வீட்டுக் கலியாணம்.

மனுசியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு ஏரிக்குப் போகவேண்டியதுதானே என்று கேட்கலாம். கலியாணம் கட்டாத ஆட்கள்தான் அப்படிக் கேட்பார்கள். ராசமலர், "படகோ, அக்காவோ?" என்று ஒரு கேள்வி கேட்பார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அது படகு இல்லை. இப்படித்தான் இரவீந்திரன் நினைத்தார். ராசமலர் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை என்பது வேறு கதை. கேட்க முன்னமே இவர் பயந்துவிடுவார்.

அந்தப் படகு ஒன்றும் பெரிய படகு இல்லை. பதினாலு அடி. பின்னால் ஒரு சின்ன மோட்டார், அதுவும் இருமும். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் பஸ் ஓட்டுகிற மனுசனுக்கு முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஐம்பது பேர். வீட்டில் தொலைபேசி. கோயிலில் கூட்டம். ஏரியின் நடுவில் மோட்டாரை நிறுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. மீன்பிடிக்கப் போறன் என்றுதான் வீட்டில் சொல்வார். பொய். தூண்டில் போட்டால் மீன் வந்து குழப்பும் என்று அவர் தூண்டிலே போடுவதில்லை. திரும்பி வரும்போது கடையில் இரண்டு மீன் வாங்கிப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவார். பதினொரு வருசமாக ராசமலர் அதைக் குழம்பு வைத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. தன் சாமர்த்தியம் என்று இரவீந்திரன் நினைத்துக்கொண்டார்.

இனி இடுப்புக்கு வருவோம்.

நோர்வேயில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. வேலைக்குப் போக முடியாவிட்டால் டொக்டரிடம் போகாமலே, எனக்கு வருத்தம் என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம். எகென்மெல்டிங் என்று சொல்வார்கள். அரசாங்கமே ஒரு மனுசனின் சொல்லை நம்புகிறது. கட்டின மனுசி நம்பமாட்டாவா?

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் ஏழாம் மாடி வீட்டின் குசினி வாசலில், இரவீந்திரன் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆ."

ராசமலர் திரும்பவில்லை. அடுப்பில் ரோல்ஸ் பொரிந்துகொண்டிருந்தது. சாமத்தியவீட்டுக்கு எண்பது ரோல்ஸ் அவருடைய பொறுப்பு.

"ஆஆ."

"என்னப்பா?"

"இடுப்பு. பிடிச்சிட்டுது."

"எப்ப?"

"இப்பத்தான். டக்கெண்டு."

"என்ன செய்யேக்கை?"

இதை இரவீந்திரன் யோசித்து வைத்திருக்கவில்லை. "சும்மா நிக்கேக்கை."

"சும்மா நிண்டால் பிடிக்காது. சும்மா இருந்தால்தான் பிடிக்கும்." ராசமலர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருசம் வேலை. ஒரு நாளைக்குப் பத்து இடுப்பைத் தூக்கி இருத்துகிறவர். "எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"இடக்கையை வைச்சிருக்கிறியள்."

"அது... ரெண்டு பக்கமும்தான்."

கட்டிலில் படுக்கவைத்தார். எண்ணெய் பூசினார். அந்த எண்ணெய் மணத்துக்கு ஆறாம் மாடியிலும் சுகம் வந்திருக்கும். சுடுதண்ணிப் பை வைத்தார். ஒரு குறையும் சொல்லக்கூடாது, நல்ல கவனிப்பு.

"நாளைக்கு நான் எப்பிடி வாறது?" இரவீந்திரன் மெதுவாகக் கேட்டார். "அக்கா என்ன நினைப்பா?"

"அக்காவை நான் பாக்கிறன். கால் குளிருதே?"

"ஓம், கொஞ்சம்."

ராசமலர் அலுமாரியிலிருந்து கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடியை எடுத்து அவர் மடியில் போட்டார். "போடுங்கோ."

இரவீந்திரன் ஒரு "ஐயோ" சொல்லி இடக்காலில் போட்டார். இன்னொரு "அம்மா" சொல்லி வலக்காலில் போட்டார். ராசமலர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, படுங்கோ," என்றார்.

அவ்வளவுதான். நம்பிவிட்டார். தனக்குள் ஒரு நடிகன் இருந்ததை இத்தனை வருசம் கவனிக்காமல் விட்டுவிட்டேனே என்று இரவீந்திரனுக்குக் கவலையாகக்கூட இருந்தது.

சனி காலை எட்டு மணிக்கு ராசமலர் ஊதாப் பட்டுச் சீலையில் வந்து நின்றார். கொண்டையில் பூ. கையில் ரோல்ஸ் பெட்டி.

"நான் போட்டு வாறன். சாப்பாடு மேசையிலை. எழும்பாதேங்கோ."

"எழும்பினால்தானே," என்றார் இரவீந்திரன் சோகமாக. "நீர் ஆறுதலா வாரும். படம் எல்லாம் எடுத்து முடிய வாரும்."

கதவு சாத்தியது. திரைச்சீலையைக் கொஞ்சம் விலத்திப் பார்த்தார். கீழே கார் போனது. கட்டிலிலிருந்து குதித்தார். நிசமாகவே குதித்தார். எட்டு இருபதுக்கு ரி-பான ரயில். ஒன்பதுக்கு பஸ். பத்துக்கு ஐந்து நிமிசம் இருக்க ஏரி. டுக்னாட்டில் பத்து மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். இரண்டு மணிக்குத் திரும்பினால், நாலு மணிக்கு ராசமலர் வரும்போது மறுபடி கட்டிலில் கிடக்கலாம். ஒரு கால் காற்சட்டைக்குள் போகும்போது வாசல் மணி அடித்தது.

ஐந்தாம் மாடிச் சின்னராசா. பென்சன் எடுத்த மனுசன். காற்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இரவீந்திரன் கதவைத் திறந்தார்.

"படும் தம்பி, படும்," என்று சின்னராசா உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டார். "தங்கச்சி சொல்லிப்போட்டுப் போனவ. தனிய விடாதேங்கோ எண்டு."

"எனக்கு இப்ப நித்திரை வருது அண்ணை."

"கொள்ளும். நான் கதைச்சுக்கொண்டு இருக்கிறன்."

"அண்ணைக்கு வேலை இல்லையோ?"

"இல்லை. எனக்கும் இப்பிடித்தான் பிடிச்சது, தொண்ணூற்றெட்டிலை. முதல் டொக்டர் என்ன சொன்னவர் தெரியுமே?"

"தெரியாது."

"சொல்லுறன்."

சொன்னார். முதல் டொக்டர், இரண்டாம் டொக்டர், எக்ஸ்ரே, ஒப்பரேசன், ஒப்பரேசனுக்குப் பிறகு வைத்தியசாலையில் தந்த பாண். எட்டு இருபது போனது. ஒன்பது போனது. இரவீந்திரன் கட்டிலில் மல்லாந்து கிடந்து, தன் படகு இடம் ஒவ்வொரு நிமிசமாகப் பட்டியலில் நிற்கும் யாரோ ஒருவனிடம் நகர்ந்து போவதைக் கூரையில் பார்த்துக்கொண்டிருந்தார். வருத்தம் இல்லாத மனுசன் படுத்திருப்பது சரியான கஷ்டமான வேலை. முதுகு உளைந்தது.

ஒன்பதரைக்குச் சின்னராசா மணிக்கூட்டைப் பார்த்தார். ஒப்பரேசன் தையல் வெட்டுகிற இடத்தில், கதையை நடுவில் நிறுத்திவிட்டு எழும்பினார்.

"சரி தம்பி. இனிப் பயமில்லை."

இனிப் பயமில்லை என்றால் என்ன என்று இரவீந்திரன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வீட்டிலேயே கிடந்திருப்பார்.

ஏரிக்குப் போகும் பஸ்ஸில், பிந்திப் போனாலும் இடம் தப்பும் என்ற நம்பிக்கையில், அவர் முன் சீற்றில் இருந்தார். வாழ்நாள் முழுக்க மற்ற ஆட்களை ஏற்றி இறக்கின மனுசன், இன்னொருவன் ஓட்ட இருப்பது லேசில்லை. ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார். வெளியில் வயலெல்லாம் வெள்ளையாக உறைபனி. அவருக்குத் தன் படகைவிட, கடைசிச் சங்கிலியை நினைத்துத்தான் கவலை.

அந்தச் சங்கிலிதான் அவருடைய பெருமை. மிதவைத் துறையைக் கரையோடு பிடித்திருக்கும் ஆறு சங்கிலியில், நுனியில் இருப்பதைக் குளிர்காலத்துக்குக் கட்டுவது இரவீந்திரன்தான். முதல் வருசமே துறைப் பொறுப்பாளர் ஊட்வாரிடம் சொல்லிவிட்டார். "நான் பாட்ஸ்பியோர்ட்டிலை ஆறு வருசம் இருந்தனான். வடக்கு. எனக்கு ஐஸைப் பற்றி ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை." ஊட்வார் தலையாட்டினார். அன்று முதல் கடைசிச் சங்கிலி அவருக்கு. இரவீந்திரன் அதைக் காலால் உதைத்து, கையால் இழுத்து, ஒரு விரல் போகாத அளவுக்கு இறுக்கிக் கட்டுவார். பாட்ஸ்பியோர்ட்டில் புயலுக்கு மீன்பிடிக் கப்பல்களை அப்படித்தான் கட்டுவார்கள். அவர் கட்டினதில்லை. மீன் தொழிற்சாலை யன்னலால் பார்த்தவர். பார்த்ததும் கட்டினதும் ஒன்றுதானே.

போன வருசம் அவர் வராதபோது அதை யார் கட்டியிருப்பார்கள்? ஒழுங்காகக் கட்டியிருப்பார்களா? இந்தக் கவலை ஒரு வருசமாக இருந்தது.

பதினொன்று இருபதுக்கு இறங்கி, காட்டுப்பாதையால் ஓடினார். மூச்சு வாங்க ஏரிக்கரைக்கு வந்தார். கோரைப் புற்களுக்கு இடையில் முதல் ஐஸ் கண்ணாடித்தாள் மாதிரிப் படர்ந்திருந்தது. படகுகள் வரிசையாகக் கரையில் கவிழ்ந்து கிடந்தன. படகு இழுக்கும் வின்ச் கிறீச்சிட்டது. பத்துப் பதினைந்து நோர்வேக்காரர் தார்ப்பாயோடும் கயிறோடும் நின்றார்கள்.

துறையின் நுனியில் ஊதாப் பட்டுச் சீலை ஒன்று நின்றது.

சீலை முழங்காலுக்குக் கீழே வரைக்கும் தூக்கிச் செருகியிருந்தது. அதற்குக் கீழே பச்சை றப்பர் பூட்ஸ். இரவீந்திரனுடைய பூட்ஸ். சீலைக்கு மேலே செம்மஞ்சள் லைஃப் ஜக்கெற். கொண்டையில் பூ அப்படியே இருந்தது.

"வாங்கோ," என்றார் ராசமலர். "இடுப்பு பஸ்ஸிலை வந்ததோ, நடந்து வந்ததோ?"

இரவீந்திரன் தன்னையறியாமல் கையை இடுப்பில் வைத்தார்.

"மற்றப் பக்கம்," என்றார் ராசமலர்.

"நீர்... நீர் இஞ்சை என்ன செய்யிறீர்? சாமத்தியவீடு?"

"அக்காவுக்கு நேற்றே ஃபோன் பண்ணிச் சொன்னனான். மனுசன் எழும்ப ஏலாமல் கிடக்கிறார், விட்டிட்டு வரேலாது எண்டு. பாவம், அக்கா அழுதவா. ரோல்ஸுக்கு வேறை ஆளைப் பிடிச்சிட்டா."

"பொய் சொன்னனீரோ?"

"நீங்கள் சொன்னதை நம்பித்தானே சொன்னனான்."

இரவீந்திரன் இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

ஊட்வார் வந்தார். எழுபது தாண்டின, கம்பு மாதிரி ஒல்லியான மனுசன். கையில் பெயர்ப்பட்டியல். அவருடைய முகத்தில் ஒரு சங்கடம். "ரவி, பத்து மணிக்குப் பெயர் கூப்பிட்டோம். நீ இல்லை. போன வருசமும் இல்லை. விதி உனக்குத் தெரியும்."

ஒன்பது வருசம் காத்திருந்தது. பதினொரு வருசம். அந்தச் சத்தமில்லாத நடு ஏரி. இரவீந்திரன் ஏரியைப் பார்த்தார். அது தன்பாட்டுக்கு உறைந்துகொண்டிருந்தது.

"ஆனால் உன் மனைவி பத்துக்குப் பத்து நிமிசம் முன்னமே வந்துவிட்டா," என்றார் ஊட்வார். "ஒரே வீட்டு ஆள் என்றால் இடத்தை மாற்றி எழுதலாம். எழுதிவிட்டோம். இனி இடம் அவவின் பெயரில்."

"என்ரை இடம்?"

"அவவின் இடம்," என்றார் ஊட்வார். நோர்வேக்காரருக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது.

அடி வாங்கின மனுசன் தனக்குத் தெரிந்த இடத்துக்குத்தான் ஓடுவான். இரவீந்திரன் நேராகக் கடைசிச் சங்கிலிக்குப் போனார். குனிந்து பிடித்தார். தொளதொள என்று கிடந்தது.

"ஆர் இப்பிடிக் கட்டினது?"

"நான்," என்றார் ராசமலர்.

"உமக்கு என்ன தெரியும்? நான் பாட்ஸ்பியோர்ட்டிலை..."

"பாட்ஸ்பியோர்ட்டிலை கடல் உறைஞ்சதை எப்பவாவது பாத்தனீங்களோ?"

இரவீந்திரன் சங்கிலியைக் கீழே விட்டார். பாட்ஸ்பியோர்ட்டில் எல்லாம் உறையும். ரோட்டு, மூக்கு, கதவுப் பூட்டு, பெட்டியில் அடைத்த மீன். கடல் உறையாது. வெப்ப நீரோட்டம் வந்து உறைய விடாது. துறைமுகம் வருசம் முழுக்கத் திறந்துதான் இருக்கும். கலியாணம் கட்டி வந்து அதே தொழிற்சாலையில் இரண்டு வருசம் மீன் பெட்டி அடுக்கின ராசமலருக்கு அது தெரியும். இரவீந்திரனுக்கும் தெரியும். யோசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"நான் வந்தவுடனை ஊட்வாரைக் கேட்டனான்," என்றார் ராசமலர். "எப்பிடிக் கட்டுறது எண்டு. அவர் சொன்னவர். குளிர்காலத்திலை இந்த ஏரித் தண்ணி மெல்ல மெல்ல இறங்குமாம். மேலை உறைஞ்ச ஐஸும் சேர்ந்து இறங்குமாம். துறையும் அதோடை சேர்ந்து இறங்க வேணும். இறுக்கிக் கட்டினால் இறங்கேலாது, பிய்ஞ்சு போகும். அதுக்குத்தான் தொய்வு விடுறது. ஐஸ் ஒண்டையும் உடைக்க வாறேல்லையாம். இறுக்கினதுதான் உடையுமாம்."

"அப்ப நான் கட்டினது? ஒவ்வொரு வருசமும்? ஒண்டும் உடையேல்லையே!"

ராசமலர் ஊட்வாரைப் பார்த்தார். ஊட்வார் தன் பூட்ஸைப் பார்த்தார். கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஆட்கள் திடீரென்று கயிறை மிகவும் கவனமாகச் சுற்றினார்கள்.

"நீ பஸ்ஸுக்குப் போன பிறகு," என்றார் ஊட்வார் மெதுவாக, "நாங்கள் அதைத் தளர்த்திவிடுவோம்."

"எத்தினை வருசமா?"

"நீ வந்த எல்லா வருசமும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஐஸைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நீதானே சொன்னாய்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். பதினொரு வருசத்தில் பத்துத் தரம் பதினைந்து பேர் ஒரு மனுசனின் பெருமை நோகக்கூடாது என்று அவர் போகும்வரை பொறுத்திருந்து, பிறகு இரண்டு நிமிசத்தில் அதை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். அது அன்பா, அவமானமா என்று இரவீந்திரனுக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே அளவுதான் இருந்தது. ஒருத்தரையும் ஒன்றும் கேட்காமல் இருந்தது தான்தான் என்பது மட்டும் நல்லாகப் பிடிபட்டது. ஊட்வாரிடம் ஐஸைப் பற்றிக் கேட்டிருக்கலாம். ராசமலரிடம் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டிருக்கலாம். ஒரு வசனம்.

மிச்சம் இருந்தது ஒரு படகுதான். அவருடையது. இல்லை, ராசமலருடையது. வின்ச் அதை இழுத்துக் கரையில் விட்டிருந்தது. அடியில் உள்ள மூடியைக் கழற்றித் தண்ணீரை வடித்து, மரக்கட்டைகளின் மேல் கவிழ்க்க வேண்டும். நிமிர்ந்து கிடந்தால் உள்ளே மழையும் பனியும் நிரம்பி, உறைந்து, படகு வெடிக்கும்.

"நாலு பேர் பிடியுங்கோ," என்றார் ராசமலர். "முழங்காலை மடக்கி. இடுப்பாலை தூக்கக்கூடாது."

மனுசி நோர்வே பாசையில் கட்டளை போட, நோர்வேக்காரர் முழங்காலை மடக்கினார்கள். இரவீந்திரன் மடக்கவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள். இன்று காலையிலிருந்து அவரிடம் மிஞ்சியிருப்பது உடம்பு ஒன்றுதான். முன் பக்கத்தை ஒரே மூச்சில், தனியாக, தூக்கினார்.

டக்.

மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. படகு அழகாகக் கவிழ்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். இரவீந்திரன் கொஞ்சம் சரிந்தபடி சிரித்தார். நிமிரவில்லை.

பிறகு நெருப்பு மூட்டி சொசேஜ் சுட்டார்கள். ஆனால் சொசேஜை யாரும் தேடவில்லை. எண்பது ரோல்ஸும் இருபது நிமிசத்தில் முடிந்தது. ஊட்வார் மட்டும் ஏழு. உறைப்பில் கண்ணீர் வழிய, "இந்த ஆள் பதினொரு வருசமாக ஒரு பாண் துண்டுதான் கொண்டுவந்தான்," என்று முறைப்பாடு சொன்னார். வரும் வசந்தத்தில் படகுகளை இறக்கும்போது ராசமலர்தான் பட்டியல் பிடிக்க வேண்டும் என்று முடிவானது. கை தூக்கி வாக்கெடுத்தார்கள். இரவீந்திரனும் தூக்கினார். தோளுக்கு மேல் போகவில்லை.

திரும்பி வரும்போது காரை ராசமலர் ஓட்டினார். இரவீந்திரன் பக்கத்தில் ஒரு பக்கம் சாய்ந்து இருந்தார்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை ஊட்வார் ஃபோன் பண்ணினவர். நீங்கள் குளிச்சுக்கொண்டு இருந்தியள். சனிக்கிழமை வராட்டி இடம் போயிடும், மறக்காமல் வரச் சொல்லுங்கோ எண்டவர்."

"அப்ப இடுப்பு?"

"இடுப்புப் பிடிச்ச ஆள் சொக்ஸ் போடாது. இருபத்திரண்டு வருசமா காலமை காலமை நான்தான் அந்த ஆக்களுக்குப் போட்டு விடுறன். நீங்கள் ரெண்டு காலிலையும் குனிஞ்சு போட்டியள், சத்தம் மட்டும் பிழையான இடத்திலை வந்தது."

"பிறகேன் சீலை கட்டினனீர்?"

"நீங்கள் சொக்ஸ் போட்டு ஏமாத்தினியள். நான் சீலை கட்டி ஏமாத்தினன்."

"சின்னராசா அண்ணை?"

"ஒன்பதரை வரைக்கும் பிடிச்சு வைக்கச் சொன்னனான். பாவம், மனுசனுக்குக் கதை முடியேல்லையாம்."

இரவீந்திரன் யன்னலால் பார்த்தார். "சொல்லியிருந்தால் நான் ஏரிக்கும் நீர் அக்காவிட்டையும் போயிருக்கலாம்."

"எனக்கு அக்காவிட்டைப் போக விருப்பமில்லை. முப்பது வருசமா அவவின்ரை எல்லா விசேசத்திலையும் நான் குசினிக்குள்ளை நிண்டு பலகாரம் அடுக்கினனான். ஒரு படத்திலையும் நான் இல்லை." ராசமலர் கியரை மாற்றினார். "ஃபோனிலை ஊட்வார், நீங்கள் ஆர் எண்டு கேட்டவர். ரவியின்ரை மனுசி எண்டன். பிறகு சொன்னவர், நாங்கள் ரவி தனி ஆள் எண்டெல்லோ நினைச்சம். பதினொரு வருசமா ஒரு ஆள், ஒரு பிளாஸ்க், ஒரு கோப்பை எண்டு."

அந்தப் பிளாஸ்க்குக்கு இரண்டு கோப்பை. ஒன்றை இரவீந்திரன் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார். பாரம் குறையட்டும் என்று. ஒரு பிளாஸ்டிக் கோப்பையின் பாரம்.

"நானும் வரட்டோ எண்டு முதல் வருசம் ரெண்டு தரம் கேட்டனான்," என்றார் ராசமலர். குரலில் கோபம் இல்லை. "அங்கை சரியான குளிர், உமக்குச் சரிவராது எண்டியள். இடம் உங்கடை பேரிலை இருந்தால் நான் வரேலாது. என்ரை பேரிலை இருந்தால் நீங்கள் வரலாம்."

"நான் அங்கை சும்மாதான் இருக்கிறனான்," என்றார் இரவீந்திரன். "மீன்கூடப் பிடிக்கிறேல்லை."

"தெரியும். நீங்கள் கொண்டுவாறது மக்ரெல். மக்ரெல் கடல் மீன். ஏரியிலை மக்ரெல் பிடிக்கிற ஒரே மனுசன் நீங்கள்தான். தெரியாமலே குழம்பு வைச்சனான்?"

"பிறகேன் கேட்கேல்லை?"

"சும்மா இருக்கப் போறன் எண்டு சொல்ல உங்களுக்கு வெக்கம். அதுக்குத்தான் கேட்கேல்லை. எனக்கும் சும்மா இருக்கத் தெரியும். கதைக்கமாட்டன்."

அவர் கதைக்காமல் இருப்பாரா என்பது இரவீந்திரனுக்குச் சந்தேகம்தான். ஆனால் பதினொரு வருசம் மக்ரெலைப் பற்றிக் கதைக்காமல் இருந்த மனுசி. இருக்கக்கூடும். இரவீந்திரன் அவரைத் திரும்பிப் பார்க்க நினைத்தார். இடுப்பு விடவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டில் நுனியில் இருந்தார். ராசமலர் சீலை மாற்றிக்கொண்டு வந்தார். இரவீந்திரன் இன்னும் ஏரிச் சேற்றுச் சொக்ஸோடு அப்படியே இருந்தார்.

"சொக்ஸைக் கழட்டுங்கோவன். நிலமெல்லாம் சேறு."

இரவீந்திரன் குனியப் பார்த்தார். முழங்கால் வரைக்கும் கை போனது. அதற்குக் கீழே நோர்வே வரைபடத்தில் பாட்ஸ்பியோர்ட் மாதிரித் தூரத்தில் கிடந்தது கால்.

"ஆ," என்றார்.

அந்தச் சத்தம் சரியான இடத்தில் வந்தது. ராசமலர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். முழங்காலை மடக்கி, ஒழுங்காக, அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். ஒரு சொக்ஸைக் கழற்றினார். மற்றதையும் கழற்றினார். கால் குளிர்ந்து போயிருந்தது. இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பொத்திப் பிடித்தார்.

"ராசமலர்," என்றார் இரவீந்திரன். "இனி நான் எதையும் மறைக்க மாட்டன். நடிக்கவும் மாட்டன்."

"நடிக்கத் தேவையுமில்லை," என்றார் ராசமலர், எண்ணெய்ப் போத்தலைத் தேடி எழும்பிக்கொண்டே. "நாளைக்கு அக்கா சாமத்தியவீட்டுச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு உங்களைப் பாக்க வாறாவாம். பின்னேரம் வரைக்கும் நிப்பா."